சாமிக்கு அடுத்த இலை

மலாக்காவுக்கு நான் போனது ஒரு நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு வர. சுபானு வருஷம், மார்கழித் திருவாதிரை கழிந்த மறுநாள் சிங்கப்பூரிலிருந்து கிளம்பினேன். அதே வருஷத்தை ஜப்பான் அதிகாரிகள் 2604 என்று எழுதச் சொன்னார்கள். என் பெட்டியில் கிடந்த பழைய காலண்டர்களின் வழக்கப்படி அது 1944. வருஷத்தை மூன்று விதமாக எழுதத் தெரிந்த எனக்கு, ஒரு மனிதர் இறந்த நாளை ஒரு விதமாகவும் எழுதத் தெரியவில்லை.

அந்த மனிதரை ஈரவேட்டிச் சாமி என்பார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, ரப்பர்த் தோட்டத்தில் தண்ணீர் சுமந்து, ஒருநாள் காவடிக் கட்டையைக் கிணற்றோரம் சாத்திவிட்டு நடந்துபோனவர். இரண்டாவது வேட்டி அவரிடம் இல்லை. விடியுமுன் குளித்து, கட்டிய வேட்டியை உடம்பிலேயே உலரவிடுவார். மடம் கட்டவில்லை, நூல் எழுதவில்லை. ஜொகூரிலிருந்து சிரம்பான் வரை தோட்டம் தோட்டமாக நடந்து, கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களின் கடைசி வீட்டில் உட்கார்ந்து பேசினார். அவர் சொன்னதைத் திரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும்: சாப்பிடுமுன் ஒரு கை எடுத்து வை, வருகிறவன் யாராயிருந்தாலும் அது அவனுக்கு. அதற்கு மேல் சிங்கப்பூரில் நாங்கள் சேர்த்த வேதாந்தம் எல்லாம் எங்களுடையது. அவருடைய சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்த நான்தான் அதில் பாதியைச் சேர்த்தவன்.

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்குள் நுழைந்த விஷு வருஷத்துத் தை மாதத் தொடக்கத்தில் அவர் அந்த ஊரின் காஜா பேராங் பகுதியில் சமாதியானார். செய்தி வந்தது, நாள் வரவில்லை. குருபூஜை செய்ய மாதமும் நட்சத்திரமும் வேண்டும். எங்கள் பஜனைக் கூட்டத்தில் பாதிப்பேர் மூலம் என்றார்கள், பாதிப்பேர் பூராடம் என்றார்கள். நான் கிளம்புவதற்கு முந்தின வருஷம் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த நாள் இரண்டு குருபூஜை நடந்தது. இரண்டிலும் அவித்த மரவள்ளிதான் பிரசாதம். கப்பல் நின்றபின் ஊரிலிருந்து பஞ்சாங்கமும் வருவதில்லை. கடைசியில், "தேதிப் பைத்தியம் நீர்தானே, நீரே போய்க் கேட்டுவிட்டு வாரும்" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

தம்பின் வரை ரயிலில் போனேன். அங்கிருந்து மலாக்காவுக்கு முன்பு ஒரு கிளை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போனபோது அந்த வழியில் சரளைக்கற்களும் கட்டைகள் பதிந்த பள்ளங்களும்தான் இருந்தன. தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காடு வெட்டி ரயில் போட ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். இதை நான் தெரிந்துகொண்டது நிலையத்துக்கு வெளியே வெற்றிலை விற்ற பெண் சொல்லி. "இரும்பு முதல்ல போச்சு, ஆளு பின்னாடி போச்சு. ரெண்டும் திரும்பல" என்றாள், பாக்கை நறுக்கிக்கொண்டே.

ஒரு லாரி கிடைத்தது. பெட்ரோல் இல்லாத காலம். லாரியின் முதுகில் கரி உலை ஒன்றைப் பொருத்தி, அதன் புகையில் ஓட்டினார்கள். உலைக்குக் கரி போடுகிறவர் பெயர் கருப்பையா. ஏற்றம் வந்தால் லாரி இருமும், பிறகு நிற்கும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். மூன்றாவது ஏற்றத்தில் என் செருப்பு அறுந்தது.

"ஐயா என்ன வேலை பாத்தீங்க?" என்றார் கருப்பையா.

"குமாஸ்தா."

"அதான். தள்ளுறீங்களா, லாரிக்கு முதுகு தடவுறீங்களான்னு தெரியல."

நான்காவது ஏற்றத்தில் லாரி உயிரை விட்டது. பக்கத்துத் தோட்டத்தில்தான் கருப்பையா குடியிருந்தார். அன்றைக்கு அவர் லயத்தில் தங்கினேன். பத்து வீடு உள்ள லயத்தில் விளக்கு நாலில் இருந்தது. மற்ற வீட்டு ஆண்கள் சயாமில்; பெண்கள் தாய்வீடு போய்விட்டார்கள், அல்லது போன இடம் தெரியவில்லை.  

கருப்பையாவின் மனைவி மரவள்ளியைத் துருவி அவித்திருந்தார். இலையில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தகரக் குவளையில் வைத்தார்.

"சாமி சொன்னதா?" என்றேன்.

"சாமி சொன்னதுதான். முன்ன அரிசி வச்சோம், இப்ப இது. உங்களுக்குப் போடறதே நேத்துக் குவளையிலிருந்துதான், ஐயா. நீங்க வர்றது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாப்பிட்டு முடித்தபோது, நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த உபதேசம், முதல் நாள் எடுத்து வைத்து லேசாகப் புளித்த மரவள்ளியாக என் வயிற்றுக்குள் போயிருந்தது. கண் சொருகியது. இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

"ஐயா, இங்க யாரும் சாகல" என்றார் கருப்பையா.

குனிந்து பார்த்தேன். களைப்பில் இலையை எதிர்ப்பக்கமாக மடித்திருக்கிறேன். நல்ல வீட்டில் சாப்பிட்டவன் தன் பக்கமாக மடிப்பான். எதிர்ப்பக்கம் மடிப்பது இழவு வீட்டுச் சாப்பாட்டுக்கு. அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் மனைவி சிரிக்கவில்லை. வந்து குனிந்து, என் எச்சில் இலையைப் பிரித்து, திருப்பி மடித்து எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாளின் தம்பி சயாமுக்குப் போயிருக்கிறான் என்று விடிந்தபிறகுதான் தெரிந்தது.

மறுநாள் மலாக்கா. ஊர் எல்லைக் காவலில் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட வேண்டும். சிங்கப்பூரிலும் அப்படித்தான், ஆனால் அங்கே எனக்கு முன்னால் நூறு பேர் வளைவார்கள், பார்த்து வளையலாம். இங்கே நான் ஒருவனாக நின்று வளைந்ததில் அளவு போதவில்லை போலும். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என் முதுகை அமுக்கிக் கற்றுக்கொடுத்தான். கோபம் வரவில்லை. அப்படியே தரையில் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் டோக்கியோ நேரம் காட்டின. சூரியன் மட்டும் பழைய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காஜா பேராங்கைக் கேட்டுக்கேட்டு, ஒற்றைச் செருப்போடு போய்ச் சேர்ந்தேன்.

அங்கே இருப்பவர்கள் மலாக்காச் செட்டிகள். சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிய தமிழர்களின் வம்சம். நெற்றியில் விபூதி, வீட்டு முகப்பில் மாவிலை, பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல், கஞ்சியில் அரிசி தட்டுப்படுவதுபோல, வரும். சாமி கடைசியாக இருந்த வீட்டில் இரண்டு பெண்கள். மீனாச்சிக்கு முப்பது வயதிருக்கும். மாமியார் வள்ளியம்மாவுக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அவர்கள் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"சாமியோட ஆளா?" என்று கேட்டு, மீனாச்சி முதலில் தண்ணீரும் பிறகு ஒரு பழைய செருப்பும் கொண்டுவந்தாள். செருப்பு எனக்குப் பெரிதாக இருந்தது. "என் வீட்டுக்காரரோடது. போட்டுக்கங்க மாமா. அவர் வந்ததும் கழட்டிக் குடுத்துடுங்க."

உள்ளிருந்து வள்ளியம்மா குரல் கொடுத்தார். "வர்றவன் செருப்பில்லாம வரட்டும். முதல்ல அவன் சோத்துக்கு வழி சொல்லு."

விஷயம் பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. மீனாச்சியின் கணவர் மணியம் நில அளவை ஆபீசில் வேலை பார்த்தவர். மூன்று மாத வேலை என்று சொல்லிச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த தீபாவளியும் போய்விட்டது. அவரோடு போன ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை. நான் வந்தது போகிக்கு முதல் நாள். போகியன்று இவர்கள் வீட்டில் இறந்துபோனவர்களுக்கு ஆளுக்கு ஓர் இலை போட்டுச் சோறு படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் வெளியே இருப்பார்கள். உள்ளே முன்னோர் சாப்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு சாப்பாடு. இலை கிடைக்காதவர் பசியோடு வாசலில் நிற்பார் என்பது நம்பிக்கை.

மணியத்துக்கு இலை போட வேண்டும் என்கிறார் தாய். போடக்கூடாது என்கிறாள் மனைவி.

"போடாம விட்டா, செத்திருந்தான்னா வெளியே நிப்பான். என் பிள்ளை பசி தாங்கமாட்டான்" என்றார் வள்ளியம்மா.

"போட்டா நாமே அவரைக் கொன்ன மாதிரி, மாமி."

"நீ போடற வரைக்கும் நான் சாப்பிடல." உண்மையாகவே முதல் நாளிலிருந்து அவர் எதையும் தொடவில்லை.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன், சாமியின் ஆள், நியாயம் சொல்லட்டும் என்று. போன இடம் தெரியாதவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பிறகே கருமம் செய்ய வேண்டும் என்று சாஸ்திரத்தில் படித்ததைச் சொன்னேன்.

"பன்னெண்டு வருஷம் நான் இருப்பேனா?" என்றார் வள்ளியம்மா. "உன் சாஸ்திரத்தை எழுதினவனுக்கு அம்மா இல்லையா?"

 நான் வந்த வேலையைப் பார்க்கலாம் என்று மீனாச்சியிடம் சாமி இறந்த நாளைக் கேட்டேன்.

"தெரியாது, மாமா."

"ஏறக்குறைய?"

"வீட்டில யாருமே இல்லையே."

கொல்லைக்குக் கூட்டிப்போனாள். ரம்புத்தான் மரத்தடியில் சாமியை உட்கார்த்தி வைத்து அடக்கம் செய்திருந்தார்கள். சுற்றிலும் மரவள்ளி, ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தை மட்டும் நடாமல் விட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பாய் அளவு நிலம் சும்மா கிடப்பது பெரிய காணிக்கை.

சாமி இறந்த வருஷத்துப் போகிக்குப் படையல் முடிந்ததும், சண்டை நெருங்குகிறது என்று ஊரே காலி செய்ததாம். இவர்களும் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பத்தாரின் கிராமத்துக்கு ஓடினார்கள். மணியம் சாமியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"சாமி என்ன சொன்னார்?"

"செத்தவனத் தூக்கிட்டு எங்கடா ஓடுற, கோழியத் தூக்குன்னார்." மீனாச்சி லேசாகச் சிரித்தாள். "கோழியத் தூக்கிட்டுத்தான் ஓடினோம். எல்லாம் அடங்கித் திரும்பி வந்தப்ப, சுவத்தில சாஞ்சு உக்காந்திருந்தார். எந்த நாள் போனாரோ. இங்க விட்டுட்டுப் போனோமேன்னு என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் சரியா சாப்பிடல."

மூலமும் இல்லை, பூராடமும் இல்லை. நட்சத்திரத்தைப் பார்க்க ஆளில்லாத வீட்டில் ஒருவர் போயிருக்கிறார். இதற்காகவா லாரி தள்ளினேன் என்று நினைத்தபடி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். நல்ல நிழல்.

"செத்தவன்னு ஏன் சொன்னார்?" என்று கேட்டேன்.

"அவர் எப்பவும் அப்படித்தான். முதல்ல இங்க வந்ததே ஒரு போகி அன்னைக்கு. என் மாமனார் இலையெல்லாம் போட்டு, கதவு சாத்தப் போறார். ஈர வேட்டியோட ஒரு ஆள் வாசல்ல நின்னு மலாயில பசிக்குதுங்கறார். இன்னைக்குச் செத்தவங்க சாப்பிட்டு முடிச்சாத்தான் எங்களுக்கே சோறுன்னு சொன்னோம். அப்ப சரி, நானும் அந்தப் பந்திதான், எனக்கு நானே கருமம் பண்ணிட்டு வந்தவன், கடைசியில ஒரு இலை போடுன்னார். மாமனாருக்குச் சிரிப்பு தாங்கல. போட்டார். கதவ சாத்தினோம். திறந்தா எல்லா இலையும் அப்படியே இருக்கு, அவர் இலை மட்டும் காலி."

துறவு கொள்ளும்போது ஒருவன் தனக்குத் தானே பிண்டம் வைத்துக்கொள்கிறான் என்பதை நானும் படித்திருக்கிறேன். சாமியின் சரித்திரத்தில் அதற்கு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லி ஒருவர் சோறு கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் ஒவ்வொரு போகிக்கும் எங்க இருந்தாலும் நடந்து வந்துடுவார். அவருக்கு மட்டும் மீன் வைக்காத இலை. செத்தவங்க பந்தியில உயிரோட உக்காந்து..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். நடாமல் விட்டிருந்த அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டாள்.

சிங்கப்பூர் திரும்பியபின் கூட்டத்தாரிடம் நான் சொன்னது, சாமியின் குருபூஜையைப் போகியன்று செய்யுங்கள், தாம் செத்தவர் என்று அவரே பந்தியில் உட்கார்ந்த நாள் அது என்பது. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூலக்காரர்கள் மூலத்திலேயே இருக்கிறார்கள், பூராடக்காரர்கள் பூராடத்திலேயே. நான் மூன்றாம் கட்சி ஆனேன். இப்போது சண்டை முடிந்துவிட்டது. சயாமிலிருந்து ஒருவர் இருவராக ஆட்கள் வருகிறார்கள். மலாக்காவிலிருந்து எனக்கு இன்னும் சேதி இல்லை. செருப்பு என்னிடம்தான் இருக்கிறது.

நான் மலாக்கா வந்த மறுநாள், போகியன்று, பொழுது விடிந்ததிலிருந்து அடுப்பு எரிந்தது. பங்கீட்டு அரிசியில் பல மாதமாகக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வைத்ததைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தாள் மீனாச்சி. தெங்கேராக் கடற்கரையிலிருந்து மீன் வந்தது. புளி கரைத்துக் குழம்பு. இறால் விழுதும் மிளகாயும் அரைத்த பெலாச்சான் சம்பல். வெந்த அரிசியின் வாசனையை நான் மறந்தே போயிருந்தேன். அது கூடத்துக்கு வந்தபோது, படிப்பதாகக் கையில் பிடித்திருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம், இலைகள் போட்டார்கள். மாமனார், அவருடைய அண்ணன், மீனாச்சியின் பெற்றோர் என்று ஒரு வரிசை. கடைசியில் சாமிக்கு, மீன் இல்லாமல். வள்ளியம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மடியில் நறுக்கிய வாழையிலை ஒன்று இருந்தது. அதை விடாமல் பிடித்திருந்தார்.

மீனாச்சி அவர் எதிரில் குந்தினாள்.

"குடுங்க மாமி. போடறேன்."

கிழவியின் கை தளரவில்லை. "எங்க?"

"சாமிக்கு அடுத்து. நம்ம வீட்டுப் பந்தியில உயிரோட ஒருத்தர் உக்காந்து சாப்பிட்டாரா இல்லையா? இலை விழுந்தா ஆள் போயிட்டான்னு இந்த வீட்டில கிடையாது. இலைதான் போடறேன். செத்தவங்க இலை மாதிரி அப்படியே கிடக்க விடமாட்டேன். ஒரு ஆள் உக்காந்து சாப்பிடணும்."

"யாரு? நீயா? வீட்டு ஆள் உக்காரக்கூடாது."

"சாமி வெளியாளுதானே. இவரும் வெளியாளு."

இரண்டு முகங்களும் என் பக்கம் திரும்பின. ஒன்றுக்குப் பார்வை இல்லை. மறுத்துவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நான் மீன் சாப்பிடுவதில்லை, அம்மா. பிறந்ததிலிருந்து தொட்டதில்லை."

"அவர் சாப்பிடுவார்" என்றாள் மீனாச்சி.

வள்ளியம்மா மடியிலிருந்த இலையைத் தடவிப் பார்த்தார். பிறகு நீட்டினார். "அவனுக்கு நடுத்துண்டு வை. குழம்பு கூட ஊத்து."

சாம்பிராணி போட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் இலைகளின் கோடியில், சாமியின் வெற்றிடத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்தேன். புகையில் கண் எரிந்தது. நான் படித்ததில் எந்தப் பக்கத்திலும் இப்படி ஒரு பந்திக்கு விதி இல்லை.  கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்பது இடுக்கின் நிழலில் தெரிந்தது.

பழக்கம் போகவில்லை. முதலில் ஒரு கை சோறு எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். பிறகு, அதை யார் வந்து எடுப்பார்கள் என்று தோன்றவே, அதையும் சேர்த்துப் பிசைந்தேன். மீனின் முதல் வாய் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. முள் எங்கே இருக்கும் என்று தெரியாமல், குழந்தையைப்போல் நாக்கால் தேடித்தேடித் தின்றேன். பாதிக்குமேல், மணியத்துக்காகத் தின்கிறேனா, என் பசிக்காகத் தின்கிறேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை. முள்ளை மட்டும் ஒதுக்கினேன்.

எழுந்திருக்கப் போனவன் கருப்பையாவின் மனைவியை நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். நன்றாகப் பார்த்து, இலையின் மேல்பாதியைப் பிடித்து மடித்தேன்.

கதவு திறந்தது. மீனாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே அந்த இலைக்கு முன்னால் போய் நின்றாள். வள்ளியம்மா நிலைப்படியைத் தாண்டாமல், கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இருக்கா, காலியா?"

"காலி. மடிச்சு வச்சிருக்கு."

"எந்தப் பக்கமா?"

மீனாச்சி கண்ணால் பார்த்தது போதாமல் குனிந்து மடிப்பைக் கையால் தொட்டாள்.

"தன் பக்கமா, மாமி."

வள்ளியம்மா அங்கேயே, நிலைப்படியில், மெல்லக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"அப்ப எனக்குச் சோறு போடு" என்றார்.